பழுதுச் செலவு யார் தலையில்? மும்பையின் பழைய கட்டடங்களும் புதிய வீடுகளும்

பருவமழை தொடங்கும் முன் மும்பையில் ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வெளியாகும். எந்தெந்தப் பழைய கட்டடங்கள் மிகவும் அபாயகரமானவை, யார் யார் உடனே காலி செய்ய வேண்டும் என்று மாநில வீட்டுவசதி அமைப்பான மகாடா அறிவிக்கும் பட்டியல் அது. பட்டியல் வந்துகொண்டேதான் இருக்கிறது. கட்டடங்களும் விழுந்துகொண்டேதான் இருக்கின்றன. 2017 ஆகஸ்ட் 31 அன்று பேண்டி பஜாரில் ஹுசைனி கட்டடம் சரிந்து 33 பேர் இறந்தார்கள். 2019 ஜூலையில் டோங்கிரியிலும், 2020 ஜூலையில் கோட்டைப் பகுதியில் பானுஷாலி கட்டடத்திலும் உயிர்கள் போயின. ஒவ்வொரு முறையும் விசாரணை, இழப்பீடு, ‘மறுகட்டுமானத்தை விரைவுபடுத்துவோம்’ என்ற வாக்குறுதி.

இதே நகரத்தில்தான் பழைய கட்டடங்களை இடித்துவிட்டு 40, 50 மாடிக் கோபுரங்களும் எழுகின்றன. இடிக்கவே கூடாது என்று உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய கட்டடங்களும் இங்கேதான் இருக்கின்றன. விழுவது, இடிப்பது, காப்பது என்ற மூன்றும் வெவ்வேறு பிரச்சினைகளாகவே பேசப்படுகின்றன. அவற்றின் வேர் ஒன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரு கட்டடத்தை ஆண்டுதோறும் பழுதுபார்க்கும் செலவை யார் ஏற்பது என்ற எளிய கேள்விக்கு எண்பது ஆண்டுகளாக மும்பை நேரடியாகப் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் தள்ளிப்போட்ட செலவைத்தான் இன்று வேறு வேறு வழிகளில் கட்டிக்கொண்டிருக்கிறது.

பிளேக்கில் பிறந்த வீட்டுக் கொள்கை

1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. ஆலைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இருட்டறைகளே நோய்க்குக் காரணம் என்று ஆட்சியாளர்கள் முடிவுசெய்தார்கள். 1898இல் பம்பாய் மேம்பாட்டு டிரஸ்ட் உருவாயிற்று. நெரிசலான பகுதிகளை இடித்துச் சாலை போடுவதும், வடக்கே தாதர், மாட்டுங்கா பக்கம் புதுக் குடியிருப்புகளைத் திட்டமிடுவதும் அதன் வேலை. இடித்த அளவுக்கு அது வீடு கட்டவில்லை என்ற குறை அன்றே எழுந்தது.

டிரஸ்ட்டின் தலைவராக இருந்த ஜே. பி. ஓர் வற்புறுத்திய ஒரு விதி கவனிக்கத்தக்கது. அறையின் வெளிச்சுவரின் அடியிலிருந்து எதிர்க் கட்டடத்தின் உச்சியை நோக்கிக் கோடு இழுத்தால், அது தரையோடு 63.5 பாகைக்கு மேல் போகக் கூடாது. அதாவது எதிர்க் கட்டடத்தின் உயரம் இடைவெளியைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. கீழ்த்தள அறைக்கும் வானம் தெரிய வேண்டும் என்பதைக் கணக்காக எழுதிய விதி இது. நூறாண்டு கழித்து இந்த விதியைத் திரும்பவும் தேட வேண்டிய நிலை வந்ததைப் பின்னால் பார்ப்போம்.

முதல் உலகப் போருக்குப் பின் ஆளுநர் ஜார்ஜ் லாயிட் காலத்தில் பம்பாய் வளர்ச்சித் துறை, சுருக்கமாக பி.டி.டி., 50,000 அறைகள் கட்டுவதாகக் கிளம்பியது. கட்டி முடித்தது சுமார் 16,000. அவைதான் வொர்லி, நாய்காவ், லோயர் பரேல், சிவ்ரி ஆகிய நான்கு இடங்களிலும் நின்ற 207 பி.டி.டி. சால்கள். தரைத்தளமும் மூன்று மாடியும், மாடிக்கு 20 அறை, நடுவில் நீண்ட நடைக்கூடம், ஒவ்வோர் அறையும் 160 சதுர அடி, கழிப்பறை பொது. ஓர் அறையில் ஒரு குடும்பம் மட்டுமல்ல, ஊரிலிருந்து வந்த தம்பி, மைத்துனன் எல்லோரும் ஷிப்ட் வைத்துத் தூங்கினார்கள். இடம் போதாதவர்கள் நடைக்கூடத்தில் பாய் விரித்தார்கள். தனியாரும் இதே அச்சில் ஆயிரக்கணக்கான சால்களைக் கட்டி வாடகைக்கு விட்டார்கள். கிர்காவ் முதல் பரேல் வரை தொழிலாளர் நகரம் ஒன்று இப்படித்தான் உருவானது.

மாட்டுங்காவில் உருவானது வேறு வகை. தென்னிந்தியாவிலிருந்து எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் வந்த நடுத்தரக் குடும்பங்கள் அங்கே குடியேறின. கழிப்பறை வீட்டுக்குள்ளேயே அமைந்த சிறு பிளாட்டுகள் 1920களிலும் 30களிலும் அங்கு எப்படிப் பரவின என்பதை நிகில் ராவ் தம் ‘ஹவுஸ், பட் நோ கார்டன்’ என்ற நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மும்பைத் தமிழரின் இரு முகங்களில் ஒன்று தாராவியென்றால் மற்றொன்று இந்த வாடகை பிளாட். இரண்டுமே இன்று மறுகட்டுமானத்தின் வாசலில் நிற்கின்றன.

உறைந்துபோன வாடகை

1947இல் வந்த பம்பாய் வாடகைச் சட்டம், பழைய வீடுகளின் வாடகையை 1940 செப்டம்பரில் இருந்த நிலையிலேயே நிறுத்தியது. போர்க்காலத் தட்டுப்பாட்டில் குடித்தனக்காரரைக் காக்க அது தேவையாகவே இருந்தது. தற்காலிகமாக வந்த சட்டம் நீட்டித்து நீட்டித்து அரை நூற்றாண்டு ஓடியது. விலைவாசி பல மடங்கு ஏறியபோதும் வாடகை மட்டும் அசையவில்லை.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்பது எளிது. உதாரணத்துக்கு, 20 அறையுள்ள ஒரு சாலில் அறைக்கு 100 ரூபாய் வாடகை என்று வைப்போம். மாதம் 2,000 ரூபாய் வரும். ஒரு கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் ஓரிரு நாள் கூலிக்கே அது சரியாகப் போகும். ஒழுகும் கூரைக்கும், உளுத்த மர உத்தரத்துக்கும், துருப்பிடித்த இரும்புக்கும் வீட்டுக்காரர் எங்கே போவார்? பழுதுபார்ப்பதை நிறுத்தினார். குடியிருப்பவரும் தன் வீடல்ல என்பதால் உள்ளே சுண்ணாம்பு அடித்தாரே தவிர அடித்தளத்தைத் தொடவில்லை.

சட்டம் மூடிய கதவுக்குப் பக்கத்தில் சந்தை ஒரு ஜன்னலைத் திறந்துகொண்டது. அதன் பெயர் பகடி. குடியிருக்கும் உரிமையையே பெருந்தொகைக்குக் கைமாற்றும் ஏற்பாடு இது. கைமாறும்போது வீட்டுக்காரருக்கும் ஒரு பங்கு போகும். சட்டவிரோதமாக இருந்த இதை 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒப்புக்கொண்டது. ஆண்டுக்கு 4 விழுக்காடு வாடகை உயர்வையும் அனுமதித்தது. உறைந்த வாடகை காலப்போக்கில் நியாயமற்றதாகிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் 1997 டிசம்பரில் மல்பே விஸ்வநாத் ஆச்சார்யா வழக்கில் சொன்ன பிறகு வந்த சட்டம் அது. ஆனால் 50 ரூபாய்க்கு 4 விழுக்காடு என்றால் 2 ரூபாய். அடிவாடகையே தேய்ந்துபோன பிறகு உயர்வு என்ன செய்யும்?

வாடகைக் கட்டுப்பாட்டை முழுக் குற்றவாளியாக்கும் பொருளாதார ஆய்வுகள் ஏராளம். அவற்றில் பாதி உண்மைதான் இருக்கிறது. அந்தக் கட்டுப்பாடு இல்லாதிருந்தால் ஆலைத் தொழிலாளியும் எழுத்தரும் தென்மும்பையில் தங்கியே இருக்க முடியாது. தவறு வாடகையைக் கட்டுப்படுத்தியதில் இல்லை. பழுதுச் செலவுக்கு வேறு வழி வைக்காமல் கட்டுப்படுத்தியதில்தான்.

செஸ்: பாதி வழி வந்த பதில்

1960களில் கட்டடங்கள் தொடர்ந்து விழுந்தபோது அரசு பேடேகர் குழுவை அமைத்தது. அதன் தொடர்ச்சியாக 1969இல் கட்டடப் பழுதுபார்ப்பு, மறுகட்டுமான வாரியம் ஒன்றை உருவாக்கும் சட்டம் வந்தது. கட்டடங்கள் மீது ஒரு செஸ் வரி. அதோடு அரசும் மாநகராட்சியும் தரும் பங்கு. அந்தப் பணத்தில் வாரியமே பழுதுபார்க்கும். தீவு நகரத்தில் 19,642 கட்டடங்கள் இதற்குள் வந்தன. அவற்றில் 16,502 கட்டடங்கள் 1940க்கு முற்பட்டவை. இன்றும் இவற்றுக்குச் ‘செஸ் பில்டிங்’ என்றுதான் பெயர்.

பழுதுச் செலவைப் பொதுப் பொறுப்பாக ஏற்ற வகையில் இந்தியாவில் இது முன்னோடி. ஆனால் இரண்டு ஓட்டைகள் இருந்தன. முதலாவது, செஸ் வசூல் தேவைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. இரண்டாவது நுட்பமானது. சதுர மீட்டருக்கு இவ்வளவுதான் செலவிடலாம் என்று அரசு உச்சவரம்பு வைத்தது. செலவு அதைத் தாண்டினால், மிச்சத்தைக் குடியிருப்பவர்கள் போட வேண்டும். இல்லையேல் கட்டடம் ‘பழுதுபார்க்கத் தகுதியற்றது’ என்றாகிவிடும். உச்சவரம்பு விலைவாசியின் பின்னால் நொண்டிக்கொண்டே வந்தது. எனவே ஒரு கட்டடம் செத்ததா பிழைக்குமா என்பதைப் பல நேரம் தீர்மானித்தது பொறியாளரின் சுத்தியல் அல்ல, அரசாணையில் இருந்த ஓர் எண்.

வெளியேற்றப்பட்டவர்கள் தற்காலிக முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். தற்காலிகம் என்று போனவர்களின் பேரப்பிள்ளைகளும் அங்கேயே வளர்ந்தார்கள்.

1986இல் இன்னொரு வழி முயலப்பட்டது. குடியிருப்பவர்களில் 70 விழுக்காட்டினர் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, மாத வாடகையின் 100 மடங்கைக் கொடுத்தால், கட்டடத்தை அரசு கையகப்படுத்தி அவர்களிடமே தரலாம் என்று மகாடா சட்டத்தில் அத்தியாயம் 8ஏ சேர்க்கப்பட்டது. உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அந்த வழக்கிலிருந்து எழுந்த அரசியல் சாசனக் கேள்விக்கு 2024 நவம்பர் 5 அன்றுதான் ஒன்பது நீதிபதிகள் அமர்வு பதில் சொன்னது. தனியார் சொத்து அனைத்தையும் சமூகத்தின் பொருள்வளம் என்று கருத முடியாது என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. குடித்தனக்காரரையே சொந்தக்காரராக்கிப் பழுதுபார்க்க வைக்கும் யோசனை, பதிலுக்காக முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்றத்தில் காத்துக் கிடந்தது.

வானத்தை விற்ற வழி

கையில் காசில்லாத அரசிடம் ஒன்று மட்டும் கணக்கில்லாமல் இருந்தது. அது எப்.எஸ்.ஐ. மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்று சொல்லும் குறியீடு. தீவு நகரத்தில் 1991 வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளின்படி அடிப்படை 1.33 மட்டுமே. அந்த இறுக்கமே அதைத் தாண்டும் அனுமதியை விலைமதிப்புள்ளதாக ஆக்கியது. 33(7) என்ற விதி செஸ் கட்டடங்களுக்குக் கதவைத் திறந்தது. பில்டர் பழைய குடித்தனக்காரர்களுக்கு இலவசமாகப் புது வீடு கட்டித் தர வேண்டும். அதற்குப் பரிசாகக் கூடுதல் தளம் கட்டி வெளியே விற்றுக்கொள்ளலாம். 1999 முதல் இந்த வழி அகலமானது.

40 குடும்பங்களுக்குத் தலா 300 சதுர அடி என்றால் 12,000 சதுர அடி. அதில் 50 விழுக்காடு ஊக்கப் பரப்பு என்றால் 6,000 சதுர அடி விற்பனைக்கு. இந்த 6,000 சதுர அடி மலபார் ஹில்லில் கிடைத்தால் அது புதையல். காமாட்டிபுராவின் சந்துக்குள் கிடைத்தால் கட்டுமானச் செலவுக்கே தாளம் போடும். ஆகவே பில்டர்கள் கடல் தெரியும் இடங்களுக்கும், பெரிய மனைகளுக்கும், குடித்தனம் குறைவான கட்டடங்களுக்கும்தான் போனார்கள். குடித்தனம் நெருக்கமாக இருந்த, மனை குறுகிய, உண்மையிலேயே விழப்போகும் கட்டடங்கள் கேட்பாரற்று நின்றன. அபாயம் எங்கே அதிகமோ அங்கே இந்தத் திட்டம் போவதில்லை. லாபம் எங்கே இருக்கிறதோ அங்கே போய், இன்னும் பத்திருபது ஆண்டு தாங்கக்கூடிய கட்டடத்தையும் இடிக்கிறது.

தனிமனைகளில் இது நடக்காது என்று கண்டபின் ‘கிளஸ்டர்’ முறை வந்தது. 33(9) விதியின் கீழ் குறைந்தது 4,000 சதுர மீட்டர் நிலத்தைச் சேர்த்துக் கட்டினால் எப்.எஸ்.ஐ. 4 வரை. இதில் பெரிய முயற்சி 2009இல் தாவூதி போரா சமூகத்தின் சைஃபி புர்ஹானி அறக்கட்டளை தொடங்கிய பேண்டி பஜார் திட்டம். சுமார் 16.5 ஏக்கர், 250 கட்டடங்கள், 3,200 குடும்பங்கள், 1,250 கடைகள். மதத் தலைமையின் நம்பிக்கை பின்னால் இருந்தும், கடைக்காரர்களையும் குடும்பங்களையும் ஒவ்வொருவராகச் சம்மதிக்கவைத்து நகர்த்த ஆண்டுகள் ஆயின. ஹுசைனி கட்டடம் இதே திட்டப் பகுதிக்குள்தான் இருந்தது. சில குடும்பங்கள் மாறிவிட்டிருந்தன. மாறாதவர்கள் உள்ளே இருந்தபோது விழுந்தது. நல்ல திட்டமாகவே இருந்தாலும், இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய கட்டடத்தைத் தாங்கிப்பிடிக்க யார் பொறுப்பு என்ற கேள்வி அங்கேயும் தலைகாட்டியது.

பி.டி.டி. சால்களில் அரசே பில்டரின் இடத்துக்கு வந்தது. வொர்லி, நாய்காவ், லோயர் பரேல் மூன்றிலும் 2017 ஏப்ரலில் பூமி பூஜை நடந்தது. 160 சதுர அடிக்குப் பதில் 500 சதுர அடி இலவசம். 2025 ஆகஸ்டில் வொர்லியில் முதல் 556 குடும்பங்களுக்குச் சாவி கிடைத்தது. நான்கு தலைமுறையாக ஒற்றை அறையில் வாழ்ந்த குடும்பத்துக்குத் தனிக் கழிப்பறையுள்ள வீடு கிடைப்பதை எந்தப் பாரம்பரிய ஆர்வலரும் குறைசொல்ல முடியாது. தனியார் லாபம் நடுவில் இல்லாததால் வீட்டின் அளவும் பெரிதாயிற்று. அதே சமயம் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், இங்கும் விற்பனைக் கோபுரங்களிலிருந்துதான். லோயர் பரேலிலும் வொர்லியிலும் சந்தை விலை உச்சத்தில் இருப்பதால் கணக்கு நிற்கிறது. எல்லாப் பேட்டைக்கும் இந்தக் கணக்கு செல்லாது.

ஆலை நிலத்தில் கைநழுவிய வாய்ப்பு

புது வீடுகளுக்கு வெற்றிடம் வேண்டும் என்றால் மும்பைக்கு ஒருமுறை அது வாய்த்தது. 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன்பின் ஆலைகள் மெல்ல மூடின. நகரின் நடுவே 58 ஆலைகளின் சுமார் 600 ஏக்கர் நிலம் கிடைத்தது. 1991இல் எழுதப்பட்ட விதி 58 அதை மூன்றாகப் பிரிக்கச் சொன்னது: பூங்காவுக்கும் மைதானத்துக்கும் ஒன்று, மகாடா வீடுகளுக்கு ஒன்று, உரிமையாளருக்கு ஒன்று. கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா தலைமையிலான குழு 1996இல் ஒருங்கிணைந்த திட்டமும் தந்தது. 2001இல் விதி திருத்தப்பட்டது. மொத்த நிலத்தையல்ல, கட்டடம் இல்லாத வெற்று நிலத்தை மட்டும் பங்கிட்டால் போதும் என்றாயிற்று. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் திருத்தம் செல்லும் என்றது. நகரத்துக்கு வந்த பங்கு துண்டு துண்டானது.

மிஞ்சிய நிலத்தில் தொழிலாளர்களுக்குக் கட்டிய வீடுகளுக்கு 2012இல் குலுக்கல் நடந்தது. சுமார் 6,900 வீடுகளுக்கு ஒன்றரை லட்சத்தை ஒட்டிய விண்ணப்பங்கள். வீட்டின் அளவு 225 சதுர அடி. ஆலைக் கட்டடங்களில் சில மால்களாகவும் மதுக்கூடங்களாகவும் வேறு வாழ்வு பெற்றன. 2017 டிசம்பரில் கமலா மில்ஸ் வளாகத்தின் மொட்டைமாடி உணவகத் தீயில் 14 பேர் இறந்தது, பழைய வளாகத்துக்குப் புதுப் பயன்பாடு தரும்போது எதைக் கண்காணிக்க வேண்டும் என்பதற்குப் பாடம்.

பட்டியலில் ஏறியவை

இந்திய நகரங்களில் பாரம்பரியக் கட்டடங்களுக்கு முதன்முதலில் விதி வகுத்தது மும்பை. ஆண்டு 1995. 2018இல் ஓவல் மைதானத்தைச் சுற்றிய விக்டோரியன் கோதிக், ஆர்ட் டெகோ கட்டடங்கள் 94 யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. பட்டியல் இடிப்பதைத் தடுக்கிறது. பழுதுபார்க்கப் பணம் தருவதில்லை. மரைன் டிரைவ் கடற்கரையின் ஆர்ட் டெகோ வீடுகள் பலவற்றிலும் அதே உறைந்த வாடகைதான்.

காலா கோடாவில் நிற்கும் எஸ்பிளனேட் மேன்ஷன் இதற்கு நல்ல சாட்சி. 1860களில் வார்ப்பிரும்புச் சட்டங்களை இங்கிலாந்தில் செய்து கப்பலில் கொண்டுவந்து பூட்டிய வாட்ஸன் ஹோட்டல் இது. 1896 ஜூலை 7 அன்று லூமியேர் சகோதரர்களின் சலனப் படங்கள் இந்தியாவில் முதலில் திரையிடப்பட்டதும் இங்கேதான். பின்னாளில் வழக்கறிஞர் அலுவலகங்களாகவும் சிறு கடைகளாகவும் கூறுபட்டுப் பராமரிப்பின்றிப் போனது. 2005இல் ஒரு பகுதி இடிந்து உயிர்ப்பலி ஆனது. 2019இல் ஆட்களை வெளியேற்றினார்கள். ஐ.ஐ.டி. பம்பாய் அறிக்கை இடிக்கச் சொன்னது. பாரம்பரிய வல்லுநர்கள் மீட்கலாம் என்றார்கள். பாரம்பரியச் சின்னம் என்ற பட்டம் ஒரு திருகாணியைக்கூட மாற்றித் தரவில்லை.

பணம் இல்லாத பாதுகாப்பை மக்களும் விரும்புவதில்லை. 2012இல் சிவாஜி பார்க், தாதர் பார்சி காலனி போன்ற பகுதிகளைப் புதிதாகச் சேர்க்க முனைந்தபோது சிவாஜி பார்க் குடியிருப்பாளர்கள் வலுவாக எதிர்த்தார்கள். பட்டியலில் ஏறினால் மறுகட்டுமானம் போச்சு, லிப்டும் போச்சு என்பது அவர்கள் கவலை. மூன்று மாடி ஏற முடியாத முதியவரின் கவலை அது. அதை ரசனைக் குறைவு என்று தள்ளுவது நியாயமில்லை.

மாற்று உதாரணங்களும் உண்டு. அக்ரிபாடாவில் பார்சி அறக்கட்டளை ஒன்றின் லால் சிம்னி குடியிருப்பு, குடியிருப்பவர்கள் இருக்கும்போதே முறையாகப் புதுப்பிக்கப்பட்டு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய அங்கீகாரம் பெற்றது. ஒருவர் பொறுப்பேற்றுப் பணம் போட்டால் நூறு வயதுக் கட்டடமும் நிற்கும் என்பதற்கு அது போதும்.

இலவச வீட்டின் விலை

புதிய கோபுரங்களைப் பற்றியும் கணக்குப் பார்க்க வேண்டும். விற்பனைக் கோபுரத்துக்கு நல்ல இடம் ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் மறுவாழ்வுக் கட்டடங்களை நெருக்கும் பழக்கம் குடிசை மாற்றுத் திட்டங்களில் வேரூன்றியிருக்கிறது. கோவண்டி, மான்கூர்டு பகுதிகளின் மறுவாழ்வுக் குடியிருப்புகளை ‘டாக்டர்ஸ் ஃபார் யூ’ அமைப்பு ஆராய்ந்து 2018இல் அறிக்கை தந்தது. வெளிச்சமும் காற்றும் புகாத கீழ்மாடிகளுக்கும் காசநோய்க்கும் உள்ள தொடர்பை அது காட்டியது. பிளேக் கற்றுத்தந்த 63.5 பாகையை மறந்ததற்கு நுரையீரல்கள் விலை கொடுக்கின்றன.

லிப்ட், தண்ணீர் பம்பு, தீயணைப்புக் கருவி என்று கோபுர வீட்டின் மாதச் செலவு சால் வாடகையைப் போல் பல மடங்கு. இதைக் கட்ட முடியாத குடும்பம் வீட்டை விற்றுவிட்டு விராருக்கோ கல்யாணுக்கோ போகிறது. பழுதுச் செலவு என்ற பழைய கேள்விதான் 40ஆவது மாடிக்கு ஏறியிருக்கிறது.

முடிவாக

வாடகைக் கட்டுப்பாடு செலவை வீட்டுக்காரர் தலையில் போட்டது, செஸ் அதில் ஒரு பகுதியை அரசுக்கு மாற்றியது, எப்.எஸ்.ஐ. அதை வருங்காலத்தின் வானத்தின் மீதும் சாலையின் மீதும் சாக்கடையின் மீதும் ஏற்றியது. பாரம்பரியப் பட்டியல் யார் மீதும் போடாமல் விட்டது. இவற்றுள் செஸ் முறைதான் சரியான திசையில் வைத்த அடி. அதைப் பாதி வழியில் விட்டதுதான் பிழை.

செய்ய வேண்டியவை தெளிவானவை. பழுதுபார்ப்பு உச்சவரம்பைக் கட்டுமான விலையோடு சேர்ந்து தானே உயரும்படி மாற்ற வேண்டும். வசதியுள்ள குடித்தனக்காரர் பழுதுக்கான உண்மைச் செலவைத் தர வேண்டும். முடியாதவரின் பங்கை அரசு தர வேண்டும். விற்பனைக் கோபுரங்களிடமிருந்து வாங்கும் பிரீமியத்தின் ஒரு பகுதியைப் பில்டர் எட்டிப்பார்க்காத டோங்கிரி, காமாட்டிபுரா கட்டடங்களுக்கு ஒதுக்க வேண்டும். மறுவாழ்வு வீட்டுக்கும் விற்பனை வீட்டுக்கும் ஒரே ஒளி, காற்று விதி இருக்க வேண்டும். பட்டியலிடும் கட்டடத்துக்குப் பராமரிப்பு மானியமும் லிப்ட் பொருத்தும் அனுமதியும் சேர்ந்தே வர வேண்டும். இடிப்பது, பழுதுபார்க்கவே முடியாதென்று சுயேச்சையான பொறியாளர் சொன்ன பிறகே எடுக்கும் கடைசி முடிவாக இருக்க வேண்டும்.

மாட்டுங்காவிலோ தாராவியிலோ ஒப்புதல் படிவத்தோடு யாராவது உங்கள் கதவைத் தட்டினால், எத்தனை சதுர அடி என்பதை மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். எதிர்க் கட்டடம் எவ்வளவு தூரம், மாதப் பராமரிப்பு எவ்வளவு, புது வீடு வரும்வரை நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.